பிறப்புக்கு அழுத ஜனங்களோடு பொன்முடிக்கு

1998 மார்ச் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குத் தம்பானூர் லாட்ஜ் வாசலில் அம்பாசடர் கார் வந்து நின்றபோது எனக்கு அதில் ஏறவே மனமில்லை. பல்கேரியாவிலிருந்து வந்திருந்த இவான்கா என்ற ஆராய்ச்சியாளர் முந்தின நாள் முழுக்கப் பண்டைத் திரேசியர்களைப் பற்றி ஆங்கிலத்தில் பேச, நான் அதை இங்குள்ள தமிழர்களுக்குத் தமிழில் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தது. முழங்கால் வேறு தன் பங்குக்குப் படுத்தியது. ஓய்வு பெற்ற ஆசிரியை நான், மதுரையில் வீட்டோடு கிடந்திருக்கலாம். ஆனால் பொன்முடி மலையைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அந்த அம்மாள் ஒற்றைக் காலில் நின்றார். மொழித் துணைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

ஓட்டுநர் தங்கராஜ் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர். ஐம்பது வயதிருக்கும். புறப்படும்முன் இவான்கா கைப்பையிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல்களை எடுத்தார். மார்ச் முதல் நாள் அவர்கள் ஊரில் ஒருவருக்கொருவர் மணிக்கட்டில் கட்டிவிடுவார்களாம், நோய்நொடி அண்டாதாம். திரேசியர் விட்டுப்போன வழக்கம் என்று சிலர் சொல்வதாகவும், தனக்கு அதில் அவ்வளவு நிச்சயமில்லை என்றும் சொல்லிக்கொண்டே எனக்குக் கட்டினார். தங்கராஜ் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மதாம்மா ஒண்ணும் நெனைக்கப்பிடாது டீச்சர். நாங்க சபைக்காரங்க. சரடெல்லாம் கெட்ட மாட்டோம்" என்றவர், மரியாதைக்கு அதை வாங்கி கியர் கம்பியில் சுற்றிவிட்டார்.

பேரூர்க்கடை தாண்டியதும் விஷயம் வெளியே வந்தது. அவர் மகள் மேரி விடியற்காலையில்தான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள். இது மூன்றாவது. முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்து அழவே இல்லையாம்.

"அப்புறம் எதுக்குங்க இன்னிக்கு வண்டி எடுத்தீங்க?" என்றேன்.

"ரெண்டு தடவையும் நாந்தான் வாசல்ல நிண்ணேன் டீச்சர். ரெண்டும் கரையல்லை. இண்ணைக்கி நான் தூரமாட்டு நிண்ணா கரையுமான்னு பாக்கேன்."

இந்தப் பக்கத்தில் அழுவதைக் கரைவது என்பார்கள். சரடு கட்டாத மனிதரின் நம்பிக்கை இப்படி இருந்தது.

எட்டரைக்கு விதுரா வந்தோம். தம்பானூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் இருக்கும். டீ இரண்டு ரூபாய். களைப்புக்குத் தேவாமிர்தம். மதாம்மா வழியெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு வருகிறார் என்று தங்கராஜ் கேட்டார். நேற்றுச் சொன்னதையே சுருக்கிச் சொன்னேன்: டான்யூப் நதிக்கும் ஏஜியன் கடலுக்கும் நடுவே வாழ்ந்த பழங்குடிகள்; வடக்குப் புல்வெளியிலிருந்து குதிரையோடு வந்தவர்கள், அங்கே முன்பே உழுது வாழ்ந்தவர்களோடு கலந்து உண்டானவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; தங்களைப் பற்றித் தாங்களே எழுதி வைக்காததால், கல்லறைகளில் கிடைத்த பொன் கிண்ணங்களும் அண்டை வீட்டுக் கிரேக்கர் சொன்ன கதைகளுமே மிச்சம். குதிரை வீரனைக் கல்லில் செதுக்கிக் கும்பிட்டார்கள். அந்த உருவந்தான் பின்னால் கிறிஸ்தவப் புனிதர் படங்களில் புகுந்தது என்பவர்களும் உண்டு.

"குதிரைப் புண்ணியாளன் கத்தோலிக்கக்காரங்களுக்கு. நமக்கில்லை" என்று அவர் கை கழுவிவிட்டார். எங்கள் ஊர் அய்யனாரும் குதிரைக்காரர்தானே என்று நான் இவான்காவிடம் கேட்டேன். குதிரை இருக்கிற ஊரிலெல்லாம் குதிரைச்சாமியும் இருக்கும், அதற்காக உறவு கொண்டாட முடியாது என்று சிரித்தார். பிறகு அவராகவே இன்னொன்று சொன்னார். திரேசியரில் ஒரு கூட்டம், குழந்தை பிறந்தால் சுற்றி உட்கார்ந்து அழுமாம்.

தங்கராஜ் விடவில்லை. "மதாம்மா என்ன சொல்லுது?"

மழுப்பலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. "இனிமே அது படப்போற கஷ்டத்தையெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லி அழுவாங்களாம். யாராவது செத்தா, கஷ்டம் தீர்ந்ததுன்னு சிரிச்சுப் புதைப்பாங்களாம்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கரையாத பிள்ளையைப் புதைச்சப்பமும் சிரிச்சாங்களா டீச்சர்?"

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன், அவர் மகளின் கதையையும் சேர்த்து. இவான்காவின் முகம் வாடிவிட்டது. இந்தக் கதையை எழுதிவைத்த கிரேக்கர் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னார்.

மலையடிவாரத்தில் கல்லாறு என்ற ஊரில் ஒரு டெலிபோன் பூத் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யச் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினார். அங்கிருந்து இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். பொன்முடியில் இறங்கினால் பஞ்சு மூட்டைக்குள் நிற்பது போல ஒரே மூடுபனி. மலையும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை. இவான்கா தன் மணிக்கட்டிலிருந்த நூலைத் திருகிக்கொண்டு நின்றார். மூன்று பேரும் மனசை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மலையேறியிருந்தோம். அரை மணிக்குள் இறங்கிவிட்டோம்.

மதியம் ஒரு மணிக்கு நகரத்துக்குள் வந்ததும், ஆஸ்பத்திரிக்கு முந்தின திருப்பத்திலேயே தங்கராஜ் வண்டியை நிறுத்தினார். "டீச்சர் ஒண்ணு போயி கேக்கணும்" என்றார்.

இரண்டு மாடி. முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினேன். பாதிப் படியில் ஒரு குழந்தையின் அலறல் கேட்டது. ஆனால் பிரசவ வார்டில் எத்தனையோ குழந்தைகள். யாருடையது என்று எப்படிச் சொல்வது? வார்டு வாசலில் விசாரித்து, தங்கராஜின் மனைவியைக் கண்டுபிடித்தேன். நான் கேட்கும்முன்பே அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அங்ஙன கெடந்து கீறிக் கரையுது பாருங்க. எங்களுக்குள்ளதுதான். பொம்பளப் பிள்ளை."

கீழே வந்தேன். தங்கராஜ் வண்டியை விட்டு இறங்கி நின்றிருந்தார். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

"கரைஞ்சுதா?"

"கரைஞ்சுது. இன்னும் நிறுத்தலை."

அவர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதார். இவான்கா காரிலிருந்து பதறி இறங்கி என் கையைப் பிடித்தார். "இறந்துவிட்டதா?" என்று மெல்லக் கேட்டார். பிறப்புக்கு அழுத ஜனங்களைப் பற்றிக் காலையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த பெண்மணி! "இல்லையம்மா, பிறந்துவிட்டது" என்றேன். அவரும் அழுதார். எனக்கும் கண் நிறைந்தது.

தங்கராஜ் எழுந்து முகத்தைத் துடைத்தார். "இனி நான் வாசல்ல நிண்ணா ஒண்ணும் ஆவாதே டீச்சர்?"

"வாசல்ல எதுக்கு நிக்கணும்? உள்ள போங்க."

காருக்குள் தலையை நீட்டி எதையோ துழாவி எடுத்துக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினார். நாங்கள் இருவரும் வண்டிக்குக் காவல் உட்கார்ந்தோம். மதுரைக்கு இரவு ரயில். நேரம் நிறைய இருந்தது. இந்த அலைச்சலுக்குப் பிறகு என் வீட்டுக் கட்டில்தான் எனக்குச் சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டு முன்பக்கம் பார்த்தேன். கியர் கம்பியில் அந்த நூலைக் காணோம்.