அரைஞாண் கயிற்றுக்கு மேலே

நாடாவின் பித்தளை முனையை இடது கைவிரல்கள் பிடித்திருந்தன. வலது கை அதைக் கடைக்காரரின் முதுகுப்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் படிகிறதா என்று தடவிப் பார்த்தது.

"மூச்ச இழுக்காதீங்க. சும்மா விடுங்க."

"என்னய்யா, எனக்கு ரவிக்கை தைக்கப் போறியா?" என்றார் கடைக்காரர். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அளந்த ஜக்கையன் சிரிக்கவில்லை. மறுபடியும் ஒருமுறை அளந்து, இரண்டும் ஒன்றுதான் என்று கண்ட பிறகே எழுதினார்.

ஜக்கையன் போடியில் ஒரு மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தவர். டாக்டர் சோலைமலை ஆய்வு ஒன்றைத் தொடங்கியபோது அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். குரங்கணிச் சரிவில் ஏலத்தோட்டத்துக்கு ஏறி இறங்குகிறவர்களிடம் சர்க்கரை நோய் அரிது. கீழே கடையில் உட்கார்ந்து ஏலக்காய் விற்கிறவர்களுக்கு நாற்பது வயதிலேயே வந்துவிடுகிறது. உடம்பின் எடையைவிட வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் காரணம் என்று டாக்டர் நினைத்தார். அதைக் காட்ட ரத்தப் பரிசோதனையோடு இடுப்பளவும் வேண்டும். மூன்று வருடம் அந்த அளவு முழுவதும் ஜக்கையன் கையில் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் காசிமாயன் வந்தான். மதுரையில் அளவெடுக்கப் பயிற்சி முடித்தவன். வந்த மாதமே டாக்டர் சொன்னார்: "அண்ணே, நீங்க மலைக்குப் போங்க. கடைத்தெருவக் காசி பாக்கட்டும். உங்க கணக்குல சர்க்கரை உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் வயிறு ஒண்ணாவே வருது. என்னன்னு புரியல."

ஜக்கையனுக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. வேலைக்குப் போகும் ஜீப்பில் காசி சிரித்தால் வயிறு எரிந்தது. டாக்டர் அவனை 'தம்பி' என்றால் அன்றைக்குச் சாப்பாடு கசந்தது.

"அவன் பேரச் சொல்லாம ஒரு வாய் சோறு எறங்காதா ஒங்களுக்கு?" என்றாள் மனைவி செல்லக்கிளி.

அவனை எப்படியாவது மாட்டிவிட வேண்டும். காசி அளந்த கடைகளுக்கே ஜக்கையன் போனார். அவனுக்குத் தெரியாமல் மறுபடி அளந்தார். காசி சொன்ன அளவைக் கேட்டறிய சிரமமே இல்லை. பெரிய தொப்பையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது.

"காசித் தம்பி நூத்தி எட்டு சென்டின்னுச்சு. நீ தொண்ணூத்தொம்போதுங்கற. என் சொத்தக் கொறைக்கப் பாக்குறியா?" என்றார் ஒருவர்.

தொப்பை உள்ள ஒவ்வொருவரிடமும் காசியின் அளவு கூடுதல். ஒல்லியானவர்களிடம் வித்தியாசமே இல்லை. ஜக்கையனுக்கு உள்ளுக்குள் இனித்தது. டாக்டருக்குப் பிடிக்கும் என்று தொப்பையைப் பெருக்கிக் காட்டுகிறான் பயல்! ஆய்வு முடிவைச் சொல்ல டாக்டர் மதுரைக் கூட்டத்துக்குப் புறப்படுவதற்குள் போட்டு உடைத்துவிட வேண்டும். அதற்கு முன் நிச்சயப்படுத்திக்கொள்ள, ராமர் கடையில் இன்னொரு தடவை அளந்தார்.

ஏலக்காய் வியாபாரி ராமர் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். "ஏன்யா நீ மட்டும் அடியில போற? அந்தப் பய விலாவத் தடவி, இடுப்பெலும்பத் தடவி, ரெண்டுக்கும் நடுவுல வெச்சான். நீ என் அருணாக்கயித்தப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குற."

ஜக்கையனின் கை நாடாவோடு அப்படியே நின்றது.

ஆய்வு தொடங்கிய முதல்நாள் டாக்டர் அவருடைய உடம்பிலேயே தொட்டுக் காட்டியிருந்தார், "இங்கதான்ணே" என்று. அவருடைய ஒட்டிய வயிற்றில் அரைஞாண் கயிறு சரியாக அந்த இடத்தில் கிடந்தது. அன்று முதல் யாரை அளந்தாலும் கயிறுதான் அவருக்கு அடையாளம். மலைக்காரர்களுக்கு அது பொருந்தியது. கடைக்காரர்களுக்கோ வயிறு பெருக்கப் பெருக்கக் கயிறு கீழே இறங்கிவிடும். தொப்பைக்கு அடியில்தான் மூன்று வருடமாக அவர் அளந்திருக்கிறார்.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். இரண்டு அளவும் மோதும். புதியவன்மேல்தான் சந்தேகம் விழும். அந்த நினைப்பு ஒரு ராத்திரி முழுக்க வெல்லமாக இருந்தது. விடிந்தபோது அதுவே கசந்தது. டாக்டரின் எண்ணமே பொய் என்று ஜக்கையனின் அளவு சொல்லிவிடும். அளவு தப்பு என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மறுபடி கடைகடையாக ஏறினார். விலாவின் அடி, இடுப்பெலும்பின் மேல்நுனி, இரண்டுக்கும் நடுவே நாடா. ஒவ்வொரு வயிற்றிலும் காசியின் கை தனக்கு முன்பே அங்கே இருந்துபோனதாக அவருக்குத் தோன்றியது. அவனிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதி வேலை மிச்சம். கேட்கவில்லை.

டாக்டர் மதுரைக்குப் புறப்படும் காலையில் ஜக்கையன் தாள்கட்டோடு அவர் வீட்டுக்குப் போனார். அங்கே காசி மேசையில் தாள்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"டாக்டரய்யா, கடைத்தெருவுல நான் பழையபடி எடுத்ததெல்லாம் வேணாம். எடம் தப்பிப்போச்சு. இது புதுசா எடுத்தது."

டாக்டர் இரண்டு தாளைப் புரட்டினார். முகம் மாறியது. "அண்ணே! சர்க்கரை உள்ளவனுக்கு வயிறு கூடத்தான் இருக்கு! இதத்தானே தேடிக்கிட்டிருந்தேன்! காசி சொல்லிக் குடுத்தானா?"

"அவன் ஒண்ணும் சொல்லல," என்றார் ஜக்கையன் வெடுக்கென்று. பிறகு, "அவன் எடுக்குறதுதான் சரி" என்றார்.

"சரி, அவன்கிட்டயே குடுங்க. வெரசாச் சேத்துக் கட்டட்டும்."

மேசைக்கு அப்பால் காசிமாயன் எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினான். "கொண்டாங்கண்ணே."

ஜக்கையன் தாள்கட்டை நீட்டினார். அவன் பிடித்து இழுத்த பிறகும் அவர் விரல்கள் சற்று நேரம் விடவில்லை. பிறகு விட்டன.