பல் டாக்டர் பிடுங்கிய செங்கல்

அறுபதுகளில் கோயமுத்தூரில் நாங்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் வயது வந்தவர்கள்தான், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, பொம்மைச் செங்கற்களால் மாயக்கோட்டைகள் கட்டி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். சாயம் பூசிய சின்ன மரக்கட்டைகள். பசை போடக் கூடாது. அடுத்தவர் கோட்டையைப் பார்க்கிறவர், மரியாதைக்குத் தன் செங்கல் ஒன்றை அதில் வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம்.

எங்களில் ஒருவர் பல் டாக்டர். ஒல்லியானவர், வெள்ளை அரைக்கைச் சட்டை. எந்தக் கோட்டையானாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு செங்கல்லாக நகத்தால் தட்டிப் பார்ப்பார்.

ஒரு ஞாயிறு, என் வீட்டில் கூடியபோது, என் பூதக்கோட்டையைத் தட்டிக்கொண்டே வந்தவர், அடிவரிசையில் ஒரு செங்கல்லைச் சட்டென்று பிடுங்கிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. கோபுரம் ஆடியது, ஆனால் விழவில்லை.

"ஏனுங்க டாக்டர், இப்படிப் பண்ணிப்போட்டீங்க!" என்று கத்தினேன்.

"உள்ளே பூதம் இருக்குதுன்னு சொன்னீங்களே. அது மூச்சு உட வேண்டாமுங்களா?" என்றார் நிதானமாக. செங்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே ஒன்றுமில்லை. கட்டியவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் எல்லோரும் போன பிறகு, அந்த ஓட்டையருகே கையைக் கொண்டுபோக எனக்குத் துணிச்சல் வரவில்லை.