தோற்காத கீழ்க்கணக்கு

கனடாவிலிருந்து என் பழைய கூட்டாளி செல்வராஜ் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஐஸ் ஹாக்கி. பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டே ஒரு கறுப்பு வில்லையைக் கம்பால் விரட்டுகிற ஆட்டம். கோல் காக்கிறவர் மெத்தைக் கடையையே உடுத்திக்கொண்டு நின்றார். கூடவே குரல் பதிவில் புலம்பல்: முன்பு போல கோல் விழுவதில்லையாம். காவலாளியின் கவசம் பெருத்துக்கொண்டே போகிறதாம், மற்றவர்களும் முன்னால் விழுந்து மறிக்கிறார்களாம், பயிற்சியாளர்களுக்கு ஜெயிப்பதைவிடத் தோற்காமல் இருப்பதுதான் பெரிதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மலைநாட்டில் நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இதையெல்லாம் ஐஸ் இல்லாமலே செய்து முடித்துவிட்டோமே!

எங்களுடையது கால்பந்து. தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்குக்கும் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்குக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பக்கத்துக்கு நாலைந்து கோல் சாதாரணம். கொழுந்தெடுக்கும் அக்காமார் மேட்டில் உட்கார்ந்து பேர் சொல்லித் திட்டுவார்கள். அந்தத் திட்டுக்காகவே ஓடுவோம்.

கீழ்க்கணக்கு இரண்டு முறை தோற்றதும் கண்டாக்கு ஐயா பொறுப்பெடுத்தார். மலையில் வேலை பார்வையிடுகிறவர், பந்தைக் காலால் தொட்டறியாதவர். ஒன்பது பேரைக் கோலுக்கு முன்னால் நிறுத்தினார். அதில் நானும் ஒருவன். கோல் காத்த மாரிமுத்து சும்மாவே அகலம், இரண்டு கம்பளி வேறு சுற்றிவிட்டார். விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். மூன்று வாரம் பூச்சியத்துக்குப் பூச்சியம். ஐயா பூரித்துப்போனார்.

நாலாவது வாரம், மாவட்ட அணிக்கு ஆள் பார்க்க ஹட்டனிலிருந்து ஒருவர் வந்தார். செல்வராஜின் இடது காலைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் வந்தார். ஐயா அவனையும் பின்னாலேயே நிறுத்திவிட்டார். வந்தவர் கொட்டாவி விட்டு, இடைவேளையிலேயே பஸ் ஏறிவிட்டார்.

கடைசி நிமிஷத்தில் பந்து செல்வராஜிடம் வந்தது. மேல்கணக்கு ஆட்கள் எல்லாரும் எங்கள் கோல் பக்கம் ஏறி வந்திருந்தார்கள். எதிரில் அவர்களுடைய கோல் காவலாளி மட்டும்தான்.

"வெளிய அடி," என்றார் ஐயா.

செல்வராஜ் அவரை ஒருமுறை பார்த்தான். ஓடிப்போய்க் கோலுக்குள் அடித்தான். மேடே எழுந்து கத்தியது. சொல் கேட்காததற்காக ஐயா அவனை அந்த நிமிஷமே வெளியேற்றினார், அதோடு அணியை விட்டும்.

லயத்து வீடுகளுக்குத் திரும்பும்போது செல்வராஜ் என்னிடம் கேட்டான், "நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

நான் குனிந்து காலில் முள் தேடினேன். முள் எதுவும் இல்லை.

அந்த வருஷம் தோற்காத அணி என்று எங்களுக்குக் கோப்பை கிடைத்தது. செல்வராஜ் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய், அங்கிருந்து கனடா போய்ச் சேர்ந்தான். அக்காமார் வருவதை நிறுத்தினார்கள். அவர்கள் வராததால் மேல்கணக்குக்காரர்களும் வரவில்லை. பிறகு தோட்ட நிர்வாகம் கிரவுண்டை உழுது லீக்ஸ் காய்கறி போட்டது. ஏன் என்று கேட்க ஒருத்தரும் போகவில்லை.