டீ மாத்திரை

நடந்தவை வரிசையாக:

1. என் அண்ணனைக் கட்டிக் கோவில்பட்டிக்கு வந்த நாளிலிருந்தே மதினிக்கு மாதாமாதம் கடுமையான வயிற்றுவலி. டாக்டர் ஒரு நீலக் கேப்சூல் எழுதிக் கொடுத்தார். வலி கேட்டது.

2. மதினி வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் பெண்கள் பலரும் அதையே முதுகுவலிக்குப் போட்டார்கள். சாயங்கால டீயோடு விழுங்குவதால் அங்கே அதற்கு டீ மாத்திரை என்று பெயர். மதினியும் வலி இல்லாத நாட்களில் போட ஆரம்பித்தார்.

3. ரத்தப்போக்கு அதிகமாகிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள்.

4. தையல் ஆறியது. கேப்சூல் நிற்கவில்லை.

5. வயிற்றுவலி திரும்பி வந்தது.

நான் டி.பார்ம் முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கலில் வேலையில் இருந்தேன். அந்தக் கேப்சூலில் இரண்டு மருந்துகள். ஒன்று, இறுகிய தசையைத் தளர்த்தும். மற்றொன்று அபினைப் போல வேலை செய்யும் வலிநீக்கி. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கடையில் டாக்டர் சீட்டுக் கேட்காமல்தான் விற்றோம். ஊரில் எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். டீ நேரம். மதினி அட்டையிலிருந்து ஒரு கேப்சூலைப் பிதுக்கி, பக்கத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் நீட்டினார்.

"ஒனக்கு எங்கனட்டி வலிக்கு?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தா வலிக்குக்கா."

அரைமணி இருந்துவிட்டு நான் கிளம்புவதற்குள் எல்லோர் கைகளும் வேகம் பிடித்திருந்தன. ஒருத்தி சினிமாப் பாட்டை எடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். காலையிலிருந்து குனிந்தே இருந்தவர்கள். வலி போன நிம்மதி எவ்வளவு, மருந்து கொடுத்த குஷி எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அன்று வீட்டில் கேட்டேன். "மதினி, கர்ப்பப்பையே இல்ல. பெறகு எதுக்கு இந்த மாத்திர?"

"வலிக்குதுட்டி."

"எங்கன?"

"அது இருந்த எடத்துல."

"நடிக்கா" என்றான் அண்ணன். அட்டைகளை எடுத்து பீரோவில் பூட்டினான். மறுநாள் மதினிக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். பேதி. வயிற்றைப் பிடித்துச் சுருண்டு கிடந்தவரின் கை முழுக்க மயிர் சிலிர்த்திருந்தது. இதை யாராலும் நடிக்க முடியாது. பழகிய உடம்பிலிருந்து மருந்து இறங்கும்போது குடல் முறுக்கும் என்று பாடத்தில் இருக்கிறது. பூட்டைத் திறந்து ஒன்று கொடுத்ததும் அடங்கியது.

மதினி அதற்கு வேறு காரணம் வைத்திருந்தார். கர்ப்பப்பையை எடுத்த டாக்டர் உள்ளே எதையோ விட்டுவிட்டாராம். வேறொரு டாக்டரிடம் போனோம். குடல் ஒட்டியிருக்கலாம், திறந்து பார்க்கலாம் என்று அவர் நாள் குறித்தார். மதினிக்கு அப்படியொரு சந்தோஷம்.

"ஒங்கண்ணன் என்னயப் பொய்க்காரிங்காவ. வயித்தத் தொறந்து காட்டட்டும். மாத்திர கணக்க மட்டும் நீ டாக்டர்ட்ட சொல்லிராத."

இல்லாத நோய்க்கு அந்த வயிற்றை இரண்டாவது தடவை கிழிக்கப் போகிறார்கள். அதை நிறுத்த ஒரே வழி, டாக்டரிடம் மாத்திரை எண்ணிக்கையைச் சொல்வதுதான்; அதுவும் அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதே. அவன் மதினியை டாக்டரிடம் தனியே அனுப்புவதில்லை. அட்மிஷனுக்குப் போன அன்று சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எட்டு, சார்."

டாக்டர் பேனாவை மூடினார். மதினி என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னார்: "எட்டும் இவ கடையில வாங்குனதுதான்."

டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அண்ணன், "குடிகாரியக் கட்டிருக்கேன்" என்றான்.

மதினி அவன் முகத்துக்கு நேரே போய் நின்று வாயைத் திறந்து ஊதினார். "குடிச்சா வாட வரும்லா. வருதா? மோந்து பாத்துச் சொல்லுங்க."

ஆபரேஷன் நடக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். எட்டு ஐந்தாகியிருக்கிறது. அதற்குக் கீழே போனால் வயிறு முறுக்குகிறது. ஐந்தையும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். தீப்பெட்டி ஆபீசில் வேறு வாங்குகிறாரா என்று எனக்குத் தெரியாது. மாத்திரைக்குக் கை நீட்டும்போது தவிர மதினி என்னோடு பேசுவதில்லை.