வாசலில் செருப்பு இல்லை

நம்பாதவர்களோடு நான் வாதாடுவதில்லை. மாப்பிள்ளையூரணிப் பக்கம் அந்தக் குடோன் இன்னும் இருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பூச்சிமருந்து வைக்கிற வேலை. தூத்துக்குடியில் கப்பலேறும் சரக்குக்கு மாத்திரை வைத்து, கதவை மூடி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டுவேன். ஒரு மணி நேரத்தில் விஷவாயு கிளம்பிவிடும். மூன்று நாள் கழித்துத் திறந்தால் உள்ளே எறும்புகூட உயிரோடு இருக்காது.

அன்று நிலாவாரை இலை. மஞ்சளாகப் பூக்கும் சின்னச் செடிதான். வயிறு இளக்குகிற மருந்துக்காக வெளிநாட்டுக்குப் போகிறது. இலையைத் தரையில் பரப்பி, பெண்கள் வெறுங்காலால் கிளறிக் கிளறிக் காயவைப்பார்கள். செருப்பெல்லாம் வாசலில் கிடக்கும். வாசலில் செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. அதுதான் எங்கள் வழக்கம்.

சனிக்கிழமை, அரை நாள் வேலை. பகல் 12.40. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. மாத்திரை வைத்தேன். மூடினேன். ஒட்டினேன்.

12.52. உள்ளே சத்தம்.

சரக்... சர்ர்ர்ர்... சரக்... சர்ர்ர்ர்...

யாரோ காலால் இலையைக் கிளறுகிறார்கள். ஒரு கால் சரியாக விழுகிறது. மறு கால் இழுபடுகிறது.

எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. வாட்ச்மேன் தங்கதுரையைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, உள்ள யாரு?"

"எலியா இருக்கும்லே செந்தூரு." அவர் முகம் சரியில்லை.

"எலி இப்பிடியா நடக்கும்? சாவியக் குடுங்க."

சாவியைத் தரையில் வைத்தார். "நான் அங்கன வரமாட்டேன்லே" என்று சொல்லிவிட்டு கேட் பக்கம் போய்விட்டார்.

12.58. மாஸ்க் போட்டேன். டேப்பைக் கிழித்தேன். சத்தம் கதவுக்கு நேர் பின்னால்...

திறந்தேன்.

நின்றுவிட்டது.

யாரும் இல்லை.

நான் மூடும்போது இலை சமமாகக் கிடந்தது. இப்போது அதில் ஒரு தடம். கதவடியிலிருந்து பின்சுவர் வரை. ஒரு பக்கம் காலடிகள். ஒரு பக்கம் நீளக் கோடு.

தடத்தோடு போனேன்.

மூட்டைகளுக்குப் பின்னால்...

ஒரு கை.

பொன்செல்வி. இலை கிளறுகிற பெண். காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். மூச்சு இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். வெளியே வந்தபோது 1.04.

தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். பயத்தில் அவளைத்தான் திட்டினேன்.

"செருப்பு எங்க?"

"காலைலயே வார் அறுந்துட்டுண்ணே. தூரப் போட்டுட்டேன்."

"இலையக் கிளறுனது நீதான?"

"நான் எந்திக்கவே இல்லண்ணே."

எழுந்து நடந்தாள். இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன.

சாயங்காலம் தங்கதுரை வாய் திறந்தார்.

"அருணாசலவடிவுன்னு ஒருத்தி இருந்தா. எடது கால் வெளங்காது. அதுல செருப்பு நிக்காது, போடவே மாட்டா. மூணு வருசம் முந்தி வீட்ல நெஞ்சுவலில செத்தான்னு சொன்னோம்லா... பொய்யிலே. மருந்து வச்ச இந்தக் குடோன நாங்க தொறந்தப்ப கெடந்தா. கதவடியில. ஒனக்குத் தெரியாண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாரு."

எனக்கு ஏன் தெரியக் கூடாது என்று நான் கேட்கவில்லை.

அவள் செத்த அன்று குடோனை மூடியவன் நான். டேப் ஒட்டி முடித்ததும் உள்ளே சரக் என்று கேட்டது.

எலி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.