செருப்பை எண்ணி ஆளைத் தொலைத்தேன்

பஸ் கிளம்பிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். பாதித் தூக்கத்தில் எழுந்த மேரி டீச்சர் கேட்டார்: "தம்பி, எங்க சாரு முன்னாடி உக்காந்திருக்காரா?"

முன்னால் டிரைவரும் நானும்தான். எழுந்து பஸ் முழுக்கத் தேடினேன், அவர் இல்லை.

திரிபுராவின் உனகோட்டி மலைக்கு மதுரையிலிருந்து முப்பத்திரண்டு பேரைக் கூட்டிப் போயிருந்தேன். காட்டுக்குள், மலைப்பாறையிலேயே செதுக்கிய பிரம்மாண்டமான சிவன் முகம், பிள்ளையார்கள். டூர் மேனேஜராக எனக்கொரு கெட்டிக்காரத்தனம் உண்டு. தலையை எண்ண மாட்டேன், வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணுவேன். தலை ஓரிடத்தில் நிற்காது, செருப்பு நிற்கும். ராமேஸ்வரம், காசி எங்கும் அது தப்பியதில்லை. இங்கும் நம் ஆட்கள் சிவனைக் கண்டதும் படிக்கட்டு ஓரமாகச் செருப்பைக் கழற்றினார்கள். கடைசியில் ஒரு ஜோடியும் மிச்சமில்லை. "ரைட், போலாம்" என்றேன்.

டீச்சரின் கணவர் சாமுவேல் சார் மிஷன் பள்ளியில் வரலாறு நடத்தியவர். சாமி கும்பிட வரவில்லை, சிற்பம் பார்க்க வந்தார். ஷூவைக் கழற்றவே இல்லை. மூட்டு வலி என்று டீச்சர் பஸ்ஸிலேயே தங்கிவிட்டார்.

"அவருக்குச் சுகரு தம்பி. மாத்திரை, பிஸ்கட்டு எல்லாம் என் பையிலதான் இருக்கு" என்று டீச்சர் அழுதார். போன் போட்டால் சிக்னல் இல்லை. பஸ்ஸைத் திருப்பினோம். குளிர்காலத்தில் அந்த ஊரில் நாலரைக்கே வெளிச்சம் மங்கிவிடும்.

எங்கள் சமையல்காரர் பாண்டி, அவனியாபுரத்துக்காரர், எனக்கு முன்னால் இறங்கினார். "அண்ணே, நீங்க படி வழியா வாங்க, நான் ஓடைப் பக்கம் போறேன்."

கத்திக்கொண்டே இறங்கினேன். என் குரல்தான் மலையில் மோதித் திரும்பியது. டீச்சரிடம் என்ன சொல்வேன் என்ற நினைப்பில் இன்னும் வேகமாக இறங்கினேன்.

"அண்ணே, இங்க இருக்காரு!"

பிள்ளையார் பாறையடியில் சார் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது; சர்க்கரை இறங்கியிருந்தது. பாண்டி சட்டைப்பையிலிருந்த கடலை மிட்டாயை உடைத்துக் கொடுத்தார்.

"படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தேம்ப்பா. நிமிந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. நீ எண்ணிருப்ப, உடனே திரும்பி வந்துருவன்னுதான் நகராம உக்காந்துட்டேன்."

எண்ணத்தான் செய்தேன், செருப்பை. சாரின் கையைப் பிடித்து எழுப்பினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். "எம்புட்டுத் தடவய்யா கூப்பிடுவ?" என்று சலித்துக்கொள்வார்கள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் அந்தச் சலிப்பைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

சாமுவேல் சார் மட்டும் சலித்துக்கொள்ளவில்லை. மதுரை திரும்பும் வரை, நான் பட்டியலைப் பிரிக்கும் முன்பே கையைத் தூக்கிவிடுவார்.