சீட்டு வராமல் சாவி இல்லை

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனிதரை, நான் எழுதிய புரோகிராமால் ஒதுங்கவிடாமல் தடுத்தவன் நான். இதற்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. நாற்பதைத் தாண்டிய கணக்கு வாத்தியார் ஞாயிறுதோறும் சேலத்துக்கு இறங்கி கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தால், அதன் பலனை மலைமேல் யாராவது அனுபவித்துத்தானே ஆகவேண்டும்.

எங்கள் மலையூரில் ஒண்டிக்கடை என்கிற இடத்துக்குப் பக்கம் ஒரு லாட்ஜ். தங்க வருகிறவர்களின் விவரத்தை, நோட்டில் எழுதுவதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் பதிய ஒரு படிவம் செய்து தரச் சொன்னார் முதலாளி. ஒவ்வொரு கட்டத்துக்கும் நான் காவல் போட்டேன். கட்டத்தை விட்டுக் கர்சர் நகரும்போதே சோதனை. காலியாகவோ தப்பாகவோ இருந்தால் ஓர் அதட்டல், கர்சர் மறுபடி உள்ளே. மூலையில் இருந்த மூடும் குறியையும், கண்டவர்களும் கை வைப்பார்களென்று எடுத்துவிட்டேன். இதெல்லாம் போதாதென்று, சீட்டு அச்சாகி வராமல் சாவி தரக்கூடாது என்று மேனேஜருக்கு உத்தரவு வேறு.

முதல் நாளே, நான் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, சேலம் பஸ்ஸிலிருந்து ஒரு கனத்த மனிதர் இறங்கி வந்தார். அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை. பின்னால் பெட்டியோடு மனைவி.

"சீக்கிரம் சாவி குடுங்க. வயிறு சரியில்லீங்க."

"வளைஞ்சு வளைஞ்சு ஏறப்போற பஸ்ஸு, போண்டா வேண்டாம்னேன். கேட்டாத்தானே?" என்றார் மனைவி.

மேனேஜர் பெயரையும் ஊரையும் தட்டினார். அடுத்த கட்டம், புறப்படும் தேதி. அதைக் காலியாக விட்டுத் தாண்டப் பார்த்தார். அதட்டல். மறுபடியும் தாண்டினார். மறுபடியும் அதட்டல்.

"கேளுங்களேன்" என்றேன்.

"ஏனுங்க, இப்பத்தான் படியேறி வந்தவங்ககிட்ட எப்பப் போவீங்கன்னு எப்படிங்க கேக்கறது?"

நானே விசைப்பலகையை இழுத்து மறுநாள் தேதியைப் போட்டேன். கர்சர் அடுத்த கட்டத்துக்கு இறங்கியது. வண்டி எண். அதையும் காலியாக விடக்கூடாது என்று நான்தான் விதித்திருந்தேன். வந்தவர்களோ பஸ்ஸில் வந்தவர்கள்.

"வந்த பஸ்ஸு நம்பரைப் போடலாங்களா?" என்று மேனேஜர் உண்மையாகவே கேட்டார்.

"சாமி, சாவி!" என்றார் அந்த மனிதர்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஒரே நிமிஷம்" என்று கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு, படிவத்தையே மூடிவிடக் கேன்சல் பட்டனை அழுத்தினேன். அதட்டல். இன்னொரு முறை அழுத்தினேன். அதே அதட்டல்.

புத்தகத்தில் படித்தும் புரியாதது அங்கேதான் புரிந்தது. பட்டனை அழுத்தினால் உடனே பட்டனுக்குக் கேட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். கம்ப்யூட்டரின் வரிசை வேறு. முதலில் பழைய கட்டத்தை விட்டு வெளியேற வேண்டும், பிறகு பட்டனுக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்கப்புறம்தான் அழுத்தல். என் காவல்காரன் வெளியேறும் வாசலிலேயே நின்றான். கர்சரைக் கழுத்தைப் பிடித்துத் திருப்பிவிட்டான். நான் அழுத்திய சேதி பட்டனுக்குப் போகவே இல்லை. இறங்குகிறவரிடம் டிக்கெட் கேட்பது நியாயம். பஸ் தீப்பிடித்து எரியும்போதும் கேட்கச் சொல்லி வைத்திருந்தேன்.

மேனேஜர் சாது. குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். திரை அணைந்தது. சாவியை நீட்டினார். அந்த மனிதர் கையெழுத்துகூடப் போடாமல் மாடிக்கு ஓடினார்.

"எந்த ரூமுன்னு சரியாப் பாத்துப் போங்க!" என்று மனைவி பின்னாலிருந்து கத்தினார்.

அதன்பின் பள்ளிக்கூடம் விட்டதும் விடைத்தாள் கட்டோடு லாட்ஜுக்குப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். சோதனை முழுவதையும் கட்டங்களிலிருந்து பிடுங்கி, கடைசியில் சேமிக்கும் பட்டனுக்கு மாற்றினேன். தேதியும் வண்டி எண்ணும் காலியாக இருக்கலாம். கேன்சலை யாரும் மறிக்கக்கூடாது. கண் எரிந்தது. விடைத்தாள்கள் அப்படியே இருந்தன.

அடுத்த மாதம் மேனேஜரைக் கடைத்தெருவில் பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க. அந்தக் கேன்சல் பட்டன் இப்ப ஒரே அமுக்குல கேக்குதுங்க. தெனமும் காத்தால மொதல்ல அதை அமுக்கிட்டுத்தான் பழைய நோட்டை எடுக்கறோம்."